சிவப்புப் பொட்டு வைத்த வால்வு

ஜனவரி 14

அன்பு அக்காவுக்கு,

இங்கே நான் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன் என்று பொய் எழுத மனம் வரவில்லை. காய்ச்சல், சளி எதுவும் இல்லை, அவ்வளவுதான். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? குனிந்தே வேலை செய்யாதே.

இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று சிரிக்காதே. விடுதியில் ஒரே ஒரு போன். அதன் பின்னால் எப்போதும் ஒரு வரிசை. வரிசையில் நிற்கிறவன் ஒவ்வொருவனும் நம் வீட்டு விஷயத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். எனக்கோ வாயைத் திறந்தால் நம் இசைக்குழு மாஸ்டரைத் திட்டாமல் மூட முடியாது. அதனால் காகிதம்.

குளிர்பதனக் கிடங்கில் மீன் பெட்டி அடுக்குகிறேன். கையுறை போட்டும் விரல் மரத்துப்போகிறது. கம்ப்ரஸர் நாள் பூராவும் ஒரே ஸ்வரத்தில் முனகிக்கொண்டிருக்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை அதோடு வைத்துச் சுருதி சேர்த்துவிடலாம். சேர்க்கவில்லை. கிட்டார் உறையோடு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

அந்த மாலை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை அக்கா. அவ்வளவு பெரிய அரங்கத்தில் பாட்டைப் பாதியில் நிறுத்தி, மாஸ்டர் மைக்கை எடுத்தாரே. "மன்னிக்கணும். நம்ம கட்டைவிரலுக்குக் காது போயிருச்சு. இன்னையோட அவருக்கு ஓய்வு" என்று சொல்லிச் சிரித்தாரே. அரங்கமே கூடச் சேர்ந்து சிரித்தது. நான் கட்டைவிரலால் கம்பியை அடிப்பதைப் பார்த்து எனக்கு அந்தப் பேரை வைத்ததே அவர்தான். என் கை கம்பியில் இல்லாதபோதும் ஸ்பீக்கர் ஊளையிட்டது. "மாஸ்டர், நான் வாசிக்கல, அதுவா கத்துது" என்று சொன்னேன். யார் கேட்டார்கள்? அடுத்த நிகழ்ச்சியிலேயே என் இடத்தில் அவர் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. நானும் நீயும் சேர்ந்து வாங்கிய பேஸ் ஆம்ப்ளிஃபயரை, அந்த ஆம்ப்பைக்கூட "குழுவோட சொத்து" என்று வண்டியிலேயே வைத்துக்கொண்டார்.

நான் ஊரை விட்டு வந்தது கோபத்தில்தான். கோபம் மட்டும் என்னோடு வண்டியேறி இங்கேயும் வந்துவிட்டது. அந்த மனுஷன் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். உனக்கு ஏதாவது வழி தோன்றினால் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி


பிப்ரவரி 5

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. முதுகும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. இரண்டும் பிரிவதாக இல்லை. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? குளிரில் நிற்கிறவன் காதை மூடிக்கொள். எத்தனை மாத ஒப்பந்தம் என்று போகும்போதும் சொல்லவில்லை, இப்போதும் எழுதவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். உன் ஆம்ப் இப்போது என் ரிப்பேர் மேசைமேல் இருக்கிறது.

குழுவின் வண்டி டிரைவர்தான் மூச்சிரைக்கத் தூக்கிக்கொண்டு வந்தார். "மாஸ்டர் குடுத்தாருக்கா. ஒரே இரைச்சலா இருக்காம், சத்தமும் எழும்பலையாம். பெரிய கச்சேரி வருது, சீக்கிரம் வேணுமாம்" என்றார்.

"இது யாரோட ஆம்ப்புன்னு மாஸ்டருக்கு ஞாபகம் இருக்காமா?" என்று கேட்டேன்.

டிரைவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் விடவில்லை. "அவரே வந்திருக்கலாமே?" என்றேன். "எனக்கு எதுக்குக்கா வம்பு" என்று இறங்கிப் போய்விட்டார். இங்கே வால்வு வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் தைரியத்தில் வெட்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறார் பார்.

ஆம்ப்பைச் சுமக்கிற ரேக் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க முன்பக்கத் திருகுகளில் கை வைத்தேன். நீ போட்டிருந்த கறுப்புத் திருகுகள் எல்லாம் இல்லை. பாதிக்கு மேல் வேறு; தலை தேய்ந்து, கோணலாக ஏற்றியிருந்தது. அதாவது என்னைத் தவிர வேறு யாரோ இதைத் திறந்திருக்கிறார்கள். மூடியைக் கழற்றினேன்.

உன் ஆம்ப்பில் மற்றதெல்லாம் மின்னணுச் சில்லுதான். முதல் வாசலான ப்ரீஆம்ப்பில் மட்டும் ஒரு சின்னக் கண்ணாடி வால்வு. கம்பியிலிருந்து வருகிற மெல்லிய ஒலியை முதலில் கையில் வாங்குவது அதுதான், உனக்குத் தெரியும். அந்த வால்வின் உச்சியில் சிவப்பாக ஒரு பொட்டு.

என் நகச்சாயம், தம்பி. கெட்டுப்போன வால்வுக்கு நான் வைக்கிற பொட்டு. கழற்றிய சாமானை உடையவரிடமே திருப்பிக் கொடுக்கிற பழக்கத்தில் அதை உன்னிடம்தான் கொடுத்தேன். நீ அதை ரேக் பெட்டியின் இழுப்பறையில் போட்டு வைத்தாய். நான் மாட்டிக் கொடுத்த நல்ல வால்வு எங்கேயும் காணோம். செத்ததை எடுத்து மறுபடி மாட்டியிருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டு, சூடேறியதும் பென்சிலால் மெதுவாகத் தட்டினேன். அறையே அலறியது. தட்டியதை நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை. அன்றைக்கு அரங்கத்தில் கத்தியதும் இதுதான்.

உன் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள். பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ நன்றாக இரு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் ஒரு காலிப் பெட்டியை உதைத்தே நொறுக்கிவிட்டேன். மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டே நின்றார். "வீட்ல ஏதாவது சேதியா?" என்று கேட்டார். "ஆமா சார், நல்ல சேதி" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அவர் சொன்னது உண்மையாக இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காது போய்விட்டது என்றே நினைத்தேன். அதனால்தான் இங்கே வந்தபின் கிட்டாரைத் தொடவில்லை. நேற்று எடுத்தேன். கிடங்குச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து கம்ப்ரஸரோடு சுருதி சேர்த்தேன். ஒரு பிசிறு இல்லை. அழுதுவிட்டேன் அக்கா. பிறகு அழுததற்கும் சேர்த்து அவர்மேல் ஆத்திரம் வந்தது.

நீ ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டாம். அந்தப் பொட்டு வைத்த வால்வை அப்படியே மாட்டிக் கொடு. "சரி பண்ணிட்டேன்" என்று சொல்லிக் கொடு. பெரிய கச்சேரியில் நடு மேடையில் ஊளையிடட்டும். அவர் எனக்கு வைத்த அதே விருந்து. அது பிடிக்காவிட்டால் ஆம்ப்பைக் கொடுக்கவே கொடுக்காதே. அது நம்முடையது. வாசலுக்கு வந்து கேட்டால் கதவைச் சாத்து.

ஏதாவது ஒன்று செய். சும்மா மட்டும் விட்டுவிடாதே.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

உன் ஆத்திரம் காகிதத்தைத் தாண்டிச் சுடுகிறது. இங்கே எல்லாம் சுகம். உன் கால் எப்படி இருக்கிறது, பெட்டியை உதைத்த கால்?

முதலில் நீ கேட்காத பதில். ஆம்ப்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டேன். அரைகுறையாக இல்லை. புது வால்வு போட்டேன். உலர்ந்துபோன கெப்பாசிட்டர்களை மாற்றினேன். கரகரத்த குமிழ்களைச் சுத்தம் செய்தேன். பின்பக்கத்தில் மிக்ஸருக்கு நேராகப் போகிற சாக்கெட் நீ இருந்தபோதே உடைந்திருந்தது, அதையும் புதிதாகப் போட்டேன். நாம் வாங்கிய அன்றுகூட அது இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

திட்டுகிறாய், கேட்கிறது. திட்டி முடித்துவிட்டு மேலே படி.

ஆம்ப் கத்தினால் யார்மேல் பழி விழும்? முதலில் ஆம்ப்மேல். பிறகு அதைத் தொட்டவள்மேல். "அக்காவும் தம்பியும் சேர்ந்து சதி பண்ணிட்டாங்க" என்று அவர் மைக்கிலேயே சொல்லுவார். கொடுக்காமல் வைத்துக்கொண்டால் திருடி என்பார். அவருக்கு அந்தச் சுகத்தை நான் தரமாட்டேன்.

ஆம்ப் என்னிடம் வருவதற்கு முந்தின வாரம், ஒரு மாலை அவர்கள் வாசிக்கிற ஹோட்டல் கூடத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேஸ் ஒலி கேட்டது, ஆனால் ஸ்பீக்கரிலிருந்து இல்லை. மாஸ்டரின் கீபோர்டிலிருந்து. மனுஷன் வலது கையால் பாட்டை வாசித்துக்கொண்டு, இடது கையால் பேஸையும் சேர்த்து வாசிக்கிறார். மாப்பிள்ளை தோளை ஆட்டுகிறார், கண்ணை மூடுகிறார், உதட்டைக் கடிக்கிறார். ஊளையிடாதபடி ஆம்ப்பைக் குறைத்து வைத்திருந்ததால், அவர் அடிப்பது போர்வைக்குள் படுத்துப் பேசுகிறவன் குரல்போல மொணமொணவென்று எங்கேயோ கேட்கிறது. ஆம்ப் கெட்டிருந்தது மாப்பிள்ளைக்குப் பெரிய உபகாரம். யாருக்கும் ஒன்றும் புரியாது.

இப்போது போர்வையை எடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த வழி இதுதான். வேலையை ஒழுங்காகச் செய்வதை யாரும் சதி என்று சொல்ல முடியாது.

நீ இன்னும் சொல்லவில்லையே, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று? சென்ற கடிதத்திலும் கேட்டேன். உன் அறையில் நான் போட்டு வைத்திருந்த பழைய ஸ்பீக்கர்களை எல்லாம் எடுத்துவிட்டேன். இப்போது கட்டில் தெரிகிறது.

குளிரில் கவனம்.

அக்கா


ஏப்ரல் 6

தம்பிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் என்று தெரிகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் ஒரு அட்டை போட்டிருக்கலாம். தபால்காரரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நான் சுகம்தான். இன்றைக்கு ரொம்பவே சுகம். ஏன் என்று கேள்.

கச்சேரி நடந்துவிட்டது. புதிதாகக் கட்டிய தியேட்டர். ஆண்டு முழுக்க வார இறுதியில் வாசிக்க ஒரு குழுவைத் தேடுகிறார்கள், அதற்கான சோதனை நிகழ்ச்சி. சீட்டு வாங்கி நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன். தொடங்குமுன் மிக்ஸரில் இருக்கிற சவுண்டு அண்ணனிடம் போய், "பின்னாடி சாக்கெட் இப்ப வேலை செய்யுதுண்ணே. ஸ்பீக்கர் முன்னாடி மைக் வைக்க வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது. முழு உண்மை.

"அடடே, நல்லதாப் போச்சும்மா" என்றார். ஒழுங்கான வேலைக்காரர் இல்லையா, பேஸை எவ்வளவு வைக்க வேண்டுமோ அவ்வளவு வைத்தார்.

முதல் பாட்டு. முதல் அடி விழுந்ததும் நாற்காலி அதிர்ந்தது. என் வால்வு, தம்பி! தேன்போல என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஒலிக்கு மட்டும் நானே கைதட்டிவிட்டேன். அடுத்த அடி தப்பு. அதற்கு அடுத்தது தாமதம். மாஸ்டர் பழக்கதோஷத்தில் இடது கையால் சரியான பேஸை வாசிக்கிறார். மாப்பிள்ளை அதன்மேலேயே தப்பான பேஸை வாசிக்கிறார். ஒரே வாசலில் இரண்டு தடியர்கள் ஒன்றாக நுழையப் பார்த்த கதை. பாடகி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். டிரம்மர் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் குச்சியைத் தூக்கியபடி நின்றான்.

மாஸ்டர் கண்ணைக் காட்டினார், குறை என்று. சவுண்டு அண்ணன் குறைத்தார். ஆனால் மேடையில் ஆம்ப்பின் ஸ்பீக்கர் இருக்கிறதே! மாப்பிள்ளை பதறிப்போய்க் குமிழைத் திருகினார். திருகியது வேறு குமிழ். இன்னும் தெளிவாக, இன்னும் பளிச்சென்று கேட்டது. அரங்கம் சிரிக்க ஆரம்பித்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "பழைய கட்டைவிரலைக் கூப்பிடுங்கப்பா!" என்று கத்தினார். கைதட்டல் பார்க்க வேண்டுமே.

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. மைக்கை எடுத்து, "மாப்பிள்ளைக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து இருக்கைப் பெண் தன் கைப்பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள்.

இப்போதாவது பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 14

என் அருமை அக்காவுக்கு,

நூறு வயது இரு. முதுகு வலிக்காமல் இரு. நான் இன்று மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டேன், அவ்வளவு சுகம்.

பதில் எழுதாமல் இல்லை. எழுதிக் கிழித்தேன். ஆம்ப்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டேன் என்று நீ எழுதியதும், கூடப்பிறந்தவளே கைவிட்டுவிட்டாள் என்று என்னென்னவோ எழுதினேன். நல்லவேளை, தபால்தலை கைவசம் இல்லை. என் புத்தியைச் செருப்பால் அடி.

உன் கடிதத்தைக் கையுறையோடு கிடங்கு வாசலில் நின்றே படித்தேன். "பழைய கட்டைவிரலைக் கூப்பிடுங்கப்பா" என்ற இடத்தை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. பக்கத்துக் கட்டில்காரனுக்கும் படித்துக் காட்டினேன். அவனும் சிரித்தான். "உங்க அக்காவைப் பகைச்சுக்கக் கூடாதுப்பா" என்றான்.

ஆனால் அக்கா, எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் மாப்பிள்ளையின் மானம் போனதே தவிர, என் பேர் அப்படியேதான் இருக்கிறது. காது போனவன் என்று சொன்ன வாய் இன்னும் அதைத் திருப்பி எடுக்கவில்லை.

ஒப்பந்த விஷயம் பிறகு எழுதுகிறேன். மணி அடித்துவிட்டார்கள்.

அன்புடன்
தம்பி


மே 8

தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய். வெயில் ஏறிவிட்டது, ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைப் பிடிக்கவே கை கூசுகிறது. உன் குளிரில் கொஞ்சம் அனுப்பேன்.

இரண்டு பேர் வந்து போனார்கள். முதலில் மாப்பிள்ளை. வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரலாமா என்று கேட்டார். நான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பொட்டு வைத்த வால்வை எடுத்து மேசைமேல் நட்டு வைத்தேன். ஆள் பொலபொலவென்று கொட்டிவிட்டார்.

"மாமாதான்கா சொன்னாரு. 'அவனை எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, சும்மா நிறுத்த முடியாது, ஏதாவது நடக்கணும்'னாரு. நான்தான் மாத்தினேன். நல்ல வால்வைப் பிடுங்கும்போது அது என் கையிலயே ஒடஞ்சுபோச்சு. எனக்கு வாசிக்கவே வராதுன்னு எனக்குத் தெரியும்கா. இப்ப வண்டிகிட்ட வச்சு எல்லாரும் பார்க்க, 'உனக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கா'ன்னு என்னையே கேட்டாரு."

"எங்க தம்பிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்" என்றேன். டீகூடக் கொடுக்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் மாஸ்டரே வந்தார். ஆம்ப்பைத் தானே தூக்கி வந்து என் காலடியில் வைத்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"தியேட்டர்காரங்க, பழைய ஆளு இருந்தாத்தான் ஒப்பந்தம்னு சொல்லிட்டாங்க. தம்பிய வரச் சொல்லுங்கம்மா. பழசெல்லாம் எதுக்கு இப்ப?"

"பழசைத்தான் சொல்லணும்" என்றேன். "எந்த வாயால எந்த மைக்ல சொன்னீங்களோ, அதே மாதிரி நின்னு சொல்லணும். அவன் காது போகல, நாங்கதான் வால்வை மாத்தினோம்னு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

நான் என் வேலையைப் பார்த்தேன். கடைசியில் தலையாட்டினார். தம்பி, அந்தத் தலையாட்டலை ஒரு சட்டத்தில் போட்டு மாட்டி வைக்கலாம்.

ஜூன் முதல் சனிக்கிழமை நிகழ்ச்சி. ஆண்டு முழுக்க வார இறுதியில் வேலை. உன் இடம் உனக்கே. அறைக்கு வெளிர்நீலம் அடித்திருக்கிறேன். ஜன்னல் சரியாக மூடவில்லை என்பாயே, அதையும் தச்சர் வந்து பார்த்துவிட்டார். பகலில் என் மேசைக்கு எதிரே ஒரு ஸ்டூல் சும்மாதான் கிடக்கிறது.

எந்த வண்டியில் வருகிறாய் என்று எழுது.

அக்கா


மே 17

அன்பு அக்காவுக்கு,

நான் நலம், நீ நலமாக இருப்பாய். அவசரமாக எழுதுகிறேன்.

வருகிறேன். சனிக்கிழமை மதியம் இறங்கி நேராகத் தியேட்டருக்கே வந்துவிடுவேன். ஆம்ப்பை நீ கொண்டுவந்து வைத்துவிடு. நீ பின்னால் நில், அப்போதுதான் எனக்குத் தைரியம். மாஸ்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும். அப்புறம் நான் என்ன செய்கிறேன் என்று மட்டும் பார். இப்போது கேட்காதே.

தம்பி


மே 25

தம்பிக்கு,

நீ வருகிறாய் என்ற சேதியே போதும், மற்ற எல்லாம் சுகம்.

மேடையில் ஏதோ செய்யப் போகிறாய் என்று தெரிகிறது. வாய்ச்சண்டையோ வேறெதுவோ, செய்துகொள். நான் தடுக்கமாட்டேன், எனக்கும் அவர்மேல் இரக்கம் ஒன்றும் பொங்கி வழியவில்லை. முடிந்ததும் வீட்டுக்கு வா. சமைத்து வைக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் சூடாக்கித் தருகிறேன்.

பெரிய பெட்டியாகக் கொண்டுவா, மறந்து எதையும் அங்கே விட்டுவிடாதே.

அக்கா


ஜூன் 12

அருமை அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ வீடு போய்ச் சேர நேரமாகியிருக்கும். முதுகு வலிக்கவில்லையே?

நீ பின்னால் நின்றதால் உனக்கு அவர் முதுகுதான் தெரிந்திருக்கும். முகத்தை நான் எழுதுகிறேன்.

மைக்கில் எல்லாவற்றையும் சொன்னார் இல்லையா, வால்வு வரைக்கும்? சொல்லும்போது உதடு ஓரம் துடித்தது. அரங்கம் எழுந்து எனக்குக் கைதட்டியதும் அவரும் தட்டினார். தன் கடன் தீர்ந்தது என்று நினைத்துவிட்டார். முதல் பாட்டில் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். பழைய சிரிப்பு. அதைப் பார்த்ததும்தான் முடிவே செய்தேன்.

இரண்டாவது பாட்டில் எல்லாரும் நிறுத்தி, நான் மட்டும் தனியாக வாசித்து, அந்தச் சுருதியைப் பிடித்துத்தான் பாடகி ஏற வேண்டும். அந்த இடம் வந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். நான் குனிந்து சுவிட்சை அணைத்தேன். கேபிளைப் பிடுங்கிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டேன். பாடகி வாயைத் திறந்தபடி நிற்கிறாள். மாஸ்டரின் இடது கை கீபோர்டுமேல் தொங்குகிறது, எந்தக் கட்டையில் வைப்பது என்று தெரியவில்லை. அந்த முகம் அக்கா! கெஞ்சியது. வாயால் இல்லை, கண்ணால். நான் அவரைப் பார்த்துக்கொண்டே படியிறங்கி, நடுவழியே நடந்து வெளியே வந்துவிட்டேன். இப்போதுதான் எனக்கு நெஞ்சு ஆறியது. இங்கே வந்து கட்டை மாதிரி தூங்கினேன்.

உன்னிடம் சொல்லிக்கொள்ள நேரமில்லை, வண்டிக்கு மணியாகிவிட்டது. நீ ஆம்ப் பக்கத்தில் டார்ச்சோடு நின்றதை ஓரக்கண்ணால் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, ஒப்பந்தம். அதை மார்ச்சிலேயே நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இங்கே துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளப்பில் வாசிக்க ஆள் கேட்கிறார்கள். இனி எனக்கு அந்த ஊர் எதற்கு? ஆம்ப்பை நன்றாகக் கட்டிப் பார்சலில் அனுப்பிவிடு. வால்வைத் தனியாகப் பஞ்சு சுற்றி வை.

அன்புடன்
உன் தம்பி


ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீ நடுவில் அனுப்பிய இரண்டு அட்டைகளும் வந்தன. "பார்சல் என்ன ஆச்சு" என்பதைத் தவிர அவற்றில் வேறு ஒன்றும் இல்லை.

பார்சல் வராது.

மாஸ்டர் முகத்தை எழுதினாய். மற்றதை நான் எழுதுகிறேன். குழு அன்றைக்கே கலைந்தது. பாடகிக்கும் டிரம்மருக்கும் அந்த ஓர் ஆண்டு வேலை போயிற்று. அவர்கள் உனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. போகிறபோது என்னைப் பார்த்துத்தான் திட்டிவிட்டுப் போனார்கள், நீதான் இல்லையே. விளக்கை அணைக்கப் போகிறோம் என்று தியேட்டர்காரர் வந்து சொன்னபோது, மேடையில் ஆம்ப்பும் நானும்தான். ஒருவர் வந்து பெட்டியின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தார். மாப்பிள்ளை. வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் தூக்கி வந்தார்.

சமைத்து வைத்தது ஆறிக் கிடந்தது. வீணாக்குவானேன் என்று அவருக்குப் போட்டேன்.

எனக்குப் பழிவாங்கத் தெரியாது என்று நினைக்காதே. மாஸ்டரை நான் தலைகுனிய வைத்தது நீ திரும்பி வரவேண்டும் என்றுதான். உன் இடத்தைப் பிடுங்கினார், நீ போனாய், வீடு காலியாயிற்று. எனக்கு அவர்மேல் இருந்த வழக்கு அவ்வளவுதான். இடத்தை மீட்டுக் கொடுத்தேன். நீ அதை அவர் முகத்தில் எறிவதற்கு வந்தாய், எறிந்தாய், போய்விட்டாய். மார்ச்சிலேயே கையெழுத்துப் போட்டவன், நான் சுவருக்கு வண்ணம் அடித்ததைப் படித்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தாயே. மேடையில் அவரை மட்டும்தான் தனியாக நிற்க வைத்தாய் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

மாப்பிள்ளை இப்போது என்னிடம்தான் வேலை கற்றுக்கொள்கிறார். மாமனார் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லையாம். வால்வைப் பிடுங்கும்போது ஆட்டாமல் நேராக இழுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன். வேலை முடிந்ததும் உன் அறையில் உன் ஆம்ப்பில் கிட்டாரை மாட்டி வாசித்துப் பழகுகிறார். நான் வெளியே எடுத்த ஸ்பீக்கர்களில் ஒன்று மறுபடி அங்கேயே கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சத்தம் நன்றாக எழும்புகிறது, வெளிர்நீலச் சுவர் அதிர்கிறது.

வாசிப்பு சகிக்கவில்லை. தாளம் நிற்பதில்லை, பாதிச் சுருதி தப்பு. நீ அடிக்கிற அடியில் கால்வாசிகூட வராது. ஆனால் தினமும் வருகிறான், தம்பி. போகும்போது சொல்லிக்கொண்டு போகிறான்.

இதைப் படித்தால் உனக்கு வயிறு எரியும். எரியட்டும் என்றுதான் எழுதினேன்.

குளிரில் காதை மூடிக்கொள்.

அக்கா